படத்தின் பின்பக்கம்



அடுத்த இதழ் முதல் ஆலங்காயத்தின் பழைய புகைப்படங்களுக்கென்று நான்கு பக்கங்கள் ஒதுக்கப்போகிறோம். கடைவீதி, ஜவ்வாது மலையிலிருந்து புளியும் தேனும் சாமையும் இறங்கிவந்த பாதை, பள்ளிக்கூடம், திருவிழா, பஸ் வந்து நின்ற மரத்தடி என்று எது கிடைத்தாலும் சரி. முடிவெடுத்த அன்றே அலுவலகத்தில் எழுந்த கேள்வி, "அதெல்லாம் சரி, படம் எங்க இருக்கு?" என்பதுதான். பதில் தேடிப் போனதில் தெரியவந்த சில விஷயங்களையும், உங்களிடம் கேட்க வேண்டிய ஓர் உதவியையும் இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் இந்தக் கேள்விக்கு அதிகம் அலைய வேண்டியதில்லை. வாரச் சந்தையால் வளர்ந்த சின்னச் சின்ன ஊர்களுக்குக்கூட அங்கே நூறு, நூற்றைம்பது வருஷத்துப் படங்கள் இருக்கின்றன. சந்தைத் திடல், மணிக்கூண்டு, குதிரை வண்டி, கசாப்புக் கடை வாசலில் நிற்கும் முதலாளி என்று எல்லாவற்றையும் இடமும் ஆண்டும் குறித்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். இதற்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் பிரான்சிஸ் ஃப்ரித். லிவர்பூலில் மொத்த மளிகை வியாபாரம் செய்து சம்பாதித்தவர். எகிப்துக்குப் போய்ப் பிரமிடுகளைப் படமெடுத்துப் பேர் வாங்கியவர். 1860 வாக்கில், பிரிட்டனின் ஊர்களையெல்லாம் படமெடுத்து விற்பது என்று ஒரு கம்பெனியைத் தொடங்கினார். ரயில் பரவிவிட்ட காலம் அது. விடுமுறைக்குப் போகிறவர்கள் போன ஊரின் படத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள். பிற்பாடு படத் தபால் அட்டை வந்து வியாபாரம் இன்னும் பெருகியது. 1898இல் அவர் இறந்த பிறகும் கம்பெனி பல பத்தாண்டுகள் ஓடியது. 1970களின் தொடக்கத்தில் அதை மூடியபோது, சேர்ந்திருந்த லட்சக்கணக்கான படங்கள் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றப்பட்டன.

அவர் செய்தது வியாபாரம்தான். ஆனால் வியாபாரம் என்பதாலேயே ஒவ்வொரு படத்துக்கும் எண் போட வேண்டியிருந்தது, எந்த ஊர் என்று எழுதி வைக்க வேண்டியிருந்தது. அப்படி எழுதி வைக்காமல் போயிருந்தால், எந்தத் தெரு எந்த ஊரில் இருந்தது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது.

அவரைவிட என் மனசுக்கு நெருக்கமாக வந்தவர் சர் பெஞ்சமின் ஸ்டோன். பாராளுமன்ற உறுப்பினர், கேமரா பித்து கொண்டவர். பழைய வழக்கங்களும் கட்டடங்களும் கண்முன்னே மறைகின்றன என்ற கவலையில் 1897இல் தேசியப் புகைப்படப் பதிவுச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். கேமரா வைத்திருந்த சாதாரண ஆர்வலர்களிடம், உங்கள் ஊரை நீங்களே எடுத்து, விவரம் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டார். வந்த படங்கள் பிரிட்டிஷ் மியூசியத்தில் சேர்க்கப்பட்டன. 1910இல் சங்கம் கலைந்துபோனது, படங்கள் நிலைத்துவிட்டன. பணக்காரக் கம்பெனி எதுவும் நம் ஊருக்கு வந்து கடைவீதியைப் படமெடுத்து விற்கவில்லை. ஆகவே ஃப்ரித்தின் வழி நமக்குக் கிடையாது. ஸ்டோனின் வழி இன்றைக்கும் திறந்திருக்கிறது.

நம் பகுதிக்குக் கேமரா தாமதமாக வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1856இலேயே சென்னையில் புகைப்படச் சங்கம் இருந்தது. அந்தக் காலத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் அரசு லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியை மதராஸ் மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் அவர் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். கேமராவையும் ரசாயனங்களையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு சேலம் ஜில்லா வழியாகத் திருச்சி, மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று சுற்றிவிட்டுச் சென்னை போய்ச் சேர்ந்தார். 1858இல் வெளிவந்த அவருடைய தொகுதிகளில் ஒன்று, ராயக்கோட்டையையும் சேலம் ஜில்லாவின் வேறு சில இடங்களையும் பற்றியது.

சேலம் ஜில்லா என்பதைப் படித்தவுடன் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் ஆலங்காயம் அடங்கிய நம் திருப்பத்தூர் தாலுகா அன்றைக்குச் சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. 1911இல்தான் அதை வட ஆற்காட்டோடு சேர்த்தார்கள். ஆக, நம் ஜில்லாவுக்குள் கேமரா நுழைந்து 165 வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டது.

டிரைப்பின் நாட்டம் கோட்டை, கோயில், அரண்மனை, பாறை ஆகியவற்றின் மேல் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, ஏறக்குறைய ஆறு மீட்டர் நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்று பார்த்தாலும் மலைக்க வைக்கும் வேலை. சந்தையில் கூடையை வைத்து உட்கார்ந்திருந்தவர்கள் அந்த வேலைக்குள் வரவில்லை. அவரே ஆசைப்பட்டிருந்தாலும் கஷ்டம்தான். அன்றைய முறையில் எதிரே இருப்பவர் நெடுநேரம் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். நடமாடுகிற கூட்டம் படத்தில் பதியாது. கடைசியில், அரசாங்கத்தின் நிதி நிலைமைக்கு இது கட்டுப்படியாகாது என்று கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் அந்த வேலையையே நிறுத்திவிட்டார்.

பிறகு கேமரா மனிதர்கள் பக்கம் திரும்பியது. திரும்பிய விதம்தான் நெஞ்சை அறுக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகளை 1909இல் வெளியிட்டார். நம் ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரைப் பற்றியும் அதில் உண்டு. ஆட்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார்கள், நிற்க வைத்துப் படமெடுத்தார்கள், அடியில் இனத்தின் பெயரை அச்சடித்தார்கள். நின்ற மனிதரின் பெயரைப் பெரும்பாலும் போடவில்லை. அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை அளக்கிற நேரத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இங்கிலாந்தின் கசாப்புக் கடைக்காரருக்குக் கடைப் பலகையிலாவது பெயர் நிற்கிறது. நம் மலையிலிருந்து இறங்கிவந்தவருக்கு அதுகூட இல்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆலங்காயத்திலிருந்து மலைப்பாதையில் ஏறினால் வானாய்வகம் இருக்கும் காவலூர் வருகிறது. படத்தை எப்படிப் போற்றி வைக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள நாம் லண்டனுக்குப் போக வேண்டாம், காவலூருக்குப் போனால் போதும். இருட்டும் தெளிந்த வானமும் தேடி வந்த வானியலாளர் வைணு பாப்பு 1960களின் பிற்பாதியில் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். கொடைக்கானல் வானாய்வகப் பட்டறையிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கி 1968இல் இங்கே வந்தது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி. 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் தொடங்கிவைத்தார்; 1982இலேயே காலமாகிவிட்ட பாப்புவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1988 பிப்ரவரி 17 அன்று இங்கே ஆர். ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். நூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி விட்டு இந்திய மண்ணிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோள் அது.

இந்த மாதிரிக் கண்டுபிடிப்புக்கெல்லாம் அடிப்படை, ஓர் இரவில் எடுத்ததை இன்னோர் இரவில் எடுத்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. தேதி தெரியாத படம் அங்கே எதற்கும் உதவாது. காவலூரை நடத்தும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனத்திடம், கொடைக்கானலில் 1904 முதல் எடுத்துவரும் சூரியப் படங்கள் இருக்கின்றன. கண்ணாடித் தட்டுகளில் இருந்தவற்றையெல்லாம் எண்மமாக்கிவிட்டார்கள். 1920ஆம் வருஷத்தில் சூரியனின் முகத்தில் கரும்புள்ளி எங்கே இருந்தது என்று இன்றைக்கு ஒருவர் உட்கார்ந்த இடத்தில் பார்க்கலாம். அதே வருஷம் ஆலங்காயம் கடைவீதியில் எந்தக் கடை எங்கே இருந்தது என்று பார்க்க வழியில்லை. பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதைப் பதிந்து வைக்கத் தெரிந்த நாடு இது. காலடியில் இருப்பதையும் பதிந்து வைத்திருக்க முடியும்.

சரி, நம் படங்கள் எங்கே இருக்கின்றன? வீடுகளில் இருக்கின்றன. டிரங்குப் பெட்டியின் அடியில், பட்டுப்புடவைக்குக் கீழே. கூடத்துச் சுவரில் கரையான் ஏறிய சட்டத்துக்குள். எல்.ஐ.சி. பாலிசியும் பட்டாவும் வைத்திருக்கும் பைக்குள். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, பள்ளியில் ஆண்டுக் கடைசியில் எடுத்த குரூப் போட்டோ, கட்சிக் கூட்டம், புது லாரி வாங்கி மாலை போட்ட அன்று எடுத்தது. தெருவை எடுக்க வேண்டும் என்று யாரும் எடுக்கவில்லை. மனிதர்களை எடுத்தபோது பின்னால் தெருவும் சேர்ந்து விழுந்திருக்கிறது. ஆகவே பழைய படம் கையில் கிடைத்தால் முகங்களைப் பார்த்து முடித்த பிறகு ஓரங்களைப் பாருங்கள். ஊர் அங்கேதான் நிற்கும்.

அப்படி ஒரு படத்தை அண்மையில் ஒரு வீட்டில் பார்த்தோம். கறுப்பு வெள்ளை, கேபினெட் அளவு, தடித்த அட்டையில் ஒட்டியது. வாசல் பந்தலின் கீழ் மடக்கு நாற்காலிகளில் பெண்ணும் மாப்பிள்ளையும். பின்னால் பெரியவர்கள் வரிசை, முன்னால் தரையில் பிள்ளைகள். எந்த வருஷத்துக் கல்யாணம் என்று வீட்டில் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. இடது ஓரத்தில் தெரு கொஞ்சம் தெரிந்தது. அங்கே ஒரு டீக்கடைப் பலகை. சாக்கட்டியால் எழுதிய விலை மங்கிப் போயிருந்தது, ஆனால் பக்கத்தில் "ந.பை." என்று இருந்தது பூதக்கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தது. நயா பைசா. 1957 ஏப்ரலில் வந்து, 1964 ஜூனில் வெறும் பைசாவாக மாறிய நாணயம். எதிர்ச் சுவரில் இரட்டைக் காளை, அன்றைய காங்கிரஸ் சின்னம், சுண்ணாம்பு புதிதாகத் தெரிய வரைந்திருந்தது. அந்த ஏழு வருஷத்துக்குள் நடந்த பொதுத்தேர்தல் 1962இல். ஆக, அந்த வருஷத்தை ஒட்டிய கல்யாணமாக இருக்க வேண்டும்.

பலகைக்குப் பக்கத்தில் தலையில் மூட்டையோடு ஒருவர் நின்று கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பில் வேட்டி, தோளில் துண்டு. கல்யாண வீட்டுக்காரர் மாதிரி இல்லை. யார் என்று கேட்டோம். இளையவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். உள்ளே படுத்திருந்த பாட்டியிடம் படத்தைக் கொண்டுபோனார்கள். கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "தோ இவரா? மலைமேல இருந்து புளி எடுத்துக்கினு வருவாரு. வருஷா வருஷம் மொதல்ல எங்க வூட்டுக்குத்தான் குடுப்பாரு. அன்னிக்கும் வந்தாரு. கல்யாணம்னதும் மூட்டைய எறக்காம அப்டியே நின்னு பாத்துக்கினு இருந்தாரு." பெயரையும் சொன்னார். மலைமேல் எந்த ஊர் என்றும் சொன்னார். அந்த வீட்டில் வேறு எவருக்கும் அந்தப் பெயர் தெரியாது. பேரன் படத்தைத் திருப்பி, பாட்டி சொல்லச் சொல்ல, அட்டையின் பின்பக்கம் பென்சிலால் எழுதினார்.

அந்தப் பெயரை இங்கே அச்சிடாததற்குக் காரணம், அவருடைய பேரப்பிள்ளைகளை மலைமேல் தேடிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் சம்மதித்த பிறகு படமும் பெயரும் சேர்ந்தே வரும். இன்னொரு வருஷம் கழித்துப் போயிருந்தால் பாட்டி இருந்திருப்பாரோ என்னவோ.

உங்கள் வீட்டுப் படத்தின் வயதைக் கண்டுபிடிக்கவும் இப்படிச் சில தடயங்கள் உதவும். கடைப் பலகையில் லை, னை, ளை எல்லாம் மேலே சுழித்த பழைய கொம்போடு இருந்தால், பலகை 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். சீர்திருத்தம் வந்தபின்னும் சில வருஷம் பழைய கையே எழுதிக்கொண்டிருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். 'மதராஸ் மாநிலம்' என்று எங்காவது தெரிந்தால், அது 1969 ஜனவரியில் தமிழ்நாடு என்று பெயர் மாறுவதற்கு முன்பு எழுதியது. படத்தின் பின்னால் ஸ்டுடியோ முத்திரையில் 635 என்று தொடங்கும் ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது, அன்றுதான் பின்கோடு நடைமுறைக்கு வந்தது. முகவரியும் பேசும். சேலம் ஜில்லா என்றால் 1911க்கு முன்பு. அப்படி ஒரு படம் கிடைத்தால் தயவுசெய்து ராத்திரியானாலும் எனக்குத் தகவல் சொல்லுங்கள். வட ஆற்காடு ஜில்லா என்றால் அதற்குப் பிறகு 1989 வரை. வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றால் 1989ஐ அடுத்த சில ஆண்டுகள். அதன் பிறகு வேலூர், 2019 நவம்பர் முதல் திருப்பத்தூர். ஒரே வீட்டில் பிறந்து ஒரே வீட்டில் வயதான ஒருவர் இத்தனை மாவட்டங்களில் குடியிருந்திருக்கிறார்.

ஸ்டுடியோக்காரர்களையும் தேடிப் போனோம். வாணியம்பாடி, திருப்பத்தூர் வரை. கண்ணாடி நெகட்டிவ் காலத்தில் தொடங்கி, ரோல் ஃபிலிம், கலர், டிஜிட்டல் என்று மூன்று தலைமுறை பார்த்த கடைகள் உண்டு. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையின் 'இந்து' ஃபிலிமைச் சொன்னதும் வயதானவர்கள் முகம் மலர்ந்தது. பென்சிலால் நெகட்டிவில் டச்சப் செய்தது, கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டியது, பின்னால் தொங்கவிட்ட திரையில் வரைந்த மாளிகைப் படிக்கட்டு என்று மணிக்கணக்கில் பேசினார்கள். பழைய நெகட்டிவ் இருக்கிறதா என்று கேட்டதும்தான் பேச்சு நின்றது. "எங்க தம்பி வெச்சிக்கறது? கடைய மாத்தும்போது மூட்ட கட்டிப் போட்டுட்டோம்" என்றார் ஒருவர். கண்ணாடியைக் கழுவி வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. ஃபிலிமை வெள்ளிக்காக எடைக்குப் போட்டவர்கள் உண்டு. அவர்கள் மேல் குற்றமே சொல்ல மாட்டேன். வாடகைக் கடையில் முப்பது வருஷத்து நெகட்டிவைக் காப்பாற்று என்று எந்தச் சர்க்காரும் எந்தப் பத்திரிகையும் அவர்களிடம் கேட்கவில்லையே.

கேட்டவர்கள் ஒரு சிலர் உண்டு. புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடித் தேடி எண்மமாக்கியிருக்கிறார்கள். 1880 முதல் 1980 வரையிலான நூற்றாண்டு அவர்கள் எடுத்துக்கொண்ட காலம். பெரிய ஊர்களிலிருந்து இந்த வேலை மெல்ல மெல்ல நம்மை நோக்கி வரும் என்று காத்திருக்க நேரமில்லை.

பத்திரிகை நடத்துகிறவன் என்பதால் எனக்கு ஏ.கே. செட்டியாரின் நினைவு வருகிறது. 'குமரி மலர்' நடத்தியவர். ஜப்பானுக்குப் போய்ப் புகைப்படக் கலை கற்றவர். உலகம் சுற்றி காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் திரட்டி 1940இல் ஒரு முழு நீள ஆவணப்படம் வெளியிட்டார். அவர் அவ்வளவு பாடுபட்டு எடுத்த அந்தப் படமே பிற்காலத்தில் பார்க்கக் கிடைக்காமல் போய், பல பத்தாண்டுகள் கழித்து அதன் ஆங்கில வடிவம் அமெரிக்காவில் கண்டெடுக்கப்பட்டது. காந்தியின் படத்துக்கே இந்தக் கதி என்றால், ஆலங்காயத்து டீக்கடை ஓரமாகப் புளிமூட்டையோடு நின்றவரின் படத்துக்கு யார் பொறுப்பு? அந்த வீட்டார்தான், நாம்தான்.

இதில் இன்னொரு வருத்தமும் இருக்கிறது. ஸ்டுடியோவுக்குப் போகக் காசும் துணிமணியும் வேண்டும். எல்லாருக்கும் அது வாய்க்கவில்லை. மலைமேல் இருந்த எத்தனையோ பெரியவர்களுக்கும், ஊரின் கடைசித் தெருவில் இருந்தவர்களுக்கும் முதல்முதலாகக் கேமரா முன் உட்காரும் வேளை, 1993க்குப் பிறகு வாக்காளர் அடையாள அட்டைக்காக வந்தது. சிலருக்கு அதற்கும் முன்பே, இறந்த பிறகு, வாசலில் நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, சுற்றிலும் பிள்ளைகள் நிற்க எடுத்த ஒரே ஒரு படம். அந்த மாதிரிப் படத்தைக் காட்ட வீட்டார் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். அதை அச்சிட மாட்டோம், ஆனால் பத்திரமாகப் பிரதி எடுத்துத் தருவோம். பின்னால் தெரியும் ஓலைக் கூரையும் திண்ணையும் வேறெந்தப் படத்திலும் இருக்காது. அடையாள அட்டைப் படத்தையும் அற்பமாக நினைக்க வேண்டாம். ஒருவருக்கு அது ஒன்றுதான் இருக்கிறது என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கும் இடம் உண்டு.

இனி உங்களிடம் கேட்கும் உதவி.

வீட்டில் இருக்கும் படங்களை வெளியே எடுங்கள். சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரித்து எடுக்காதீர்கள், கிழிந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுக்கலாம். பழைய படத்தை லேமினேஷன் செய்யாதீர்கள். செய்துவிட்டால் திரும்பப் பிரிக்க முடியாது. பசை தடவிய பக்கத்தில் வைத்து மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டும் ஆல்பங்கள் 1980, 90களில் நிறைய வந்தன. அவற்றில் இருப்பவைதான் சீக்கிரம் கெடும். கலர்ப் படங்களின் சாயம் கறுப்பு வெள்ளையைவிட வேகமாக வெளுக்கும், ஆகவே தாத்தா கல்யாணத்தைவிட அப்பா கல்யாணத்துக்குத்தான் அவசரம்.

ஸ்கேன் செய்ய வசதி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்தில் படத்தைத் தட்டையாக வைத்து, ஃப்ளாஷ் போடாமல், செல்போனை நேர் மேலே பிடித்து எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பினால் தெளிவு குறையாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெயர்களை எழுதுங்கள். இடமிருந்து வலமாக யார் யார், எந்த வீட்டு வாசல், ஏறக்குறைய எந்த வருஷம், எந்த ஸ்டுடியோ, ஓரத்தில் தெரியும் கடை யாருடையது. பால்பாயின்ட் பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறும், அழுத்தினால் தடம் விழும். மென்மையான பென்சிலால், பின்பக்க ஓரத்தில், அழுத்தாமல் எழுதினால் போதும். தெரியாத முகத்துக்கு நேரே தெரியாது என்றே எழுதுங்கள். அச்சில் பார்த்துவிட்டு வேறொரு வாசகர் சொல்வார். படத்தில் உள்ளவர்களோ அவர்களுடைய பிள்ளைகளோ அச்சிட வேண்டாம் என்றால், அந்தப் படம் அச்சில் வராது.

அசல் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், எங்களுக்குப் பிரதி போதும். வருகிற பிரதிகளையெல்லாம் எண் போட்டு, விவரம் எழுதி, ஆலங்காயத்துப் பள்ளிப் பிள்ளைகள் யார் வந்து கேட்டாலும் பார்க்கும்படி வைக்கப்போகிறோம்.

படம் கிடைக்கத் தாமதமானாலும் பரவாயில்லை. வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டியோ தாத்தாவோ இருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமையே அவர்கள் பக்கத்தில் படங்களோடு உட்கார்ந்து, ஒவ்வொரு முகமாகக் காட்டிப் பெயரைக் கேட்டு எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்